நாமினி பெயர் போட்டாச்சு, பணம் யாருக்கு?

கணக்குத் திறக்கும் படிவத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறோம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் வங்கி ஊழியரோ ஏஜென்ட்டோ தலையை நிமிர்த்திக் கேட்பார்: “நாமினி பேரு?” கல்யாணம் ஆகாதவர் “அம்மா” என்பார். ஆனவர் மனைவி பெயரையோ கணவர் பெயரையோ சொல்வார். இரண்டு நொடிகூட யோசிப்பதில்லை. அப்புறம் அந்தப் பெயரை மறந்தும் போகிறோம். அது மறுபடி வெளியே வரும் நாளில் நாம் இருக்கமாட்டோம்.

அன்றைக்கு வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான்: “நாமினி நான்தானே, அப்போ பணம் எனக்குத்தானே?” கேட்பவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. நம்மில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம், நன்றாகப் படித்தவர்கள் உட்பட. ஆனால் இந்தியச் சட்டம் நாமினிக்குக் கொடுப்பது பணத்தைக் கையில் வாங்கும் உரிமை. வாங்கிய பணம் யாருக்குச் சொந்தம் என்பதை வாரிசுச் சட்டம் முடிவு செய்யும், உயில் இருந்தால் உயில் முடிவு செய்யும்.

இது ஏன் இப்படி என்று புரிய, கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் இறந்துவிட்டார். மனைவி வருகிறார், அடுத்த வாரம் அண்ணன் வருகிறார், அதற்கடுத்து முதல் தாரத்து மகன் என்று ஒருவர் வருகிறார். இவர்களில் யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்லும் வேலை மேனேஜருடையது இல்லை. தவறான ஆளிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் தலையில் விழும். அதற்காகவே நாமினி ஏற்பாடு. “நான் போன பிறகு இன்னாரிடம் கொடுத்துவிடுங்கள்” என்று வாடிக்கையாளரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஆளிடம் கொடுத்தவுடன் வங்கியின் பொறுப்பு முடிகிறது. கொடுத்த பிறகு குடும்பத்துக்குள் நடப்பது குடும்பத்தின் பாடு. ஆக, நாமினி என்ற ஏற்பாட்டில் முதல் பாதுகாப்பு வங்கிக்கு. குடும்பத்துக்குக் கிடைக்கும் லாபம், பணம் சீக்கிரம் கைக்கு வருகிறது என்பது.

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் பல பத்தாண்டுகளாகப் பெரிய தடுமாற்றம் இல்லாமல் பேசிவருகிறது. ஆயுள் காப்பீட்டுப் பணம் பற்றி 1983இல் வந்த சர்பதி தேவி வழக்குத் தீர்ப்பு, நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கிறது என்றது. 2010இல் வங்கி டெபாசிட்டுக்கும் அதையே சொன்னது. பங்குகள் விஷயத்தில் மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. கம்பெனிச் சட்டத்தில் நாமினியைப் பற்றிய வாசகம் கொஞ்சம் தாராளமாக எழுதப்பட்டிருந்ததால், அங்கே நாமினியே சொந்தக்காரர் ஆகிவிடுகிறார் என்று வாதாடினார்கள். 2023 டிசம்பரில் சக்தி யஸ்தானி வழக்கில் அந்தக் கதவும் மூடப்பட்டது.

பன்னிரண்டு லட்சம், மூன்று பெண்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 12 லட்சம் ரூபாயை எஃப்டியில், அதாவது நிரந்தர வைப்பில், போட்டு, அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார் என்று வையுங்கள். நாமினி, அம்மா. அப்புறம் கல்யாணம், ஒரு பெண் குழந்தை. நாமினியை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. உயில் எழுதாமல் திடீரென்று இறந்துபோகிறார்.

வங்கி பணத்தை அம்மாவிடம் கொடுக்கும். அது சரியான நடைமுறை. மனைவி போய்ச் சண்டை போட்டாலும் வங்கி நிறுத்தாது. நிறுத்த வேண்டுமென்றால் நீதிமன்றத் தடையாணை வேண்டும். ஆனால் அம்மாவின் கைக்கு வந்த 12 லட்சத்தில் அவருக்குச் சொந்தம் எவ்வளவு?

இந்துக் குடும்பம் என்றால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பேசும். உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள்: தாய், மனைவி, மகன்கள், மகள்கள். எல்லோருக்கும் சம பங்கு. ஆக அம்மாவுக்கு 4 லட்சம், மனைவிக்கு 4 லட்சம், மகளுக்கு 4 லட்சம். 8 லட்சத்தை அம்மா மருமகளுக்கும் பேத்திக்கும் கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லையென்றால் மருமகள் வழக்குப் போடலாம், ஜெயிப்பார். ஜெயிப்பதற்குள் எத்தனை வருஷம் என்பது வேறு கதை.

இதையே கிறிஸ்தவக் குடும்பம் என்று மாற்றிப் பாருங்கள். அங்கே 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் அம்மாவுக்குப் பங்கே கிடையாது. அதாவது 12 லட்சத்தையும் வாங்கி வந்த அந்த நாமினி அம்மா, 4 லட்சத்தை மருமகளிடமும் 8 லட்சத்தைப் பேத்தியின் பங்காகவும் ஒப்படைக்க வேண்டும். அவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இஸ்லாமியக் குடும்பமாக இருந்தால் கணக்கு இன்னொரு மாதிரி: பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்று ஷரீஅத் முறைப்படி பிரியும்.

ஒரே படிவம், அதே நாமினி, அதே தொகை. மூன்று வீட்டில் மூன்று விதமாகப் பிரிகிறது. நாமினி பெயர் சொத்தைப் பிரிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

இந்துச் சட்டத்தில் பலரும் கவனிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. மகன் இறந்தால் தாய்க்கு முதல் வகுப்பில் பங்கு உண்டு, தந்தைக்குக் கிடையாது. அவர் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவர் முறை வராது. இன்னொன்று, நாமினி மனைவியாக இருக்கும் வீடுகளில் நடப்பது. பணம் முழுவதும் மனைவி கைக்கு வருகிறது, பிள்ளைகள் படிப்புக்குப் போகிறது, யாரும் கேட்பதில்லை. மகனின் எஃப்டியில் தனக்கும் சம பங்கு உண்டு என்பது ஊரில் தனியாக இருக்கும் தாய்க்குத் தெரிவதே இல்லை. தெரிந்தாலும் பேத்தியின் பணம் என்று கேட்காமல் விட்டுவிடுவார்கள். அது அவர்கள் மனசு. ஆனால் மருந்துச் செலவுக்கே அந்த மகனை நம்பியிருந்த தாய் என்றால், கேட்பது அவர் உரிமை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டியதில்லை.

இன்ஷூரன்ஸில் மட்டும் ஒரு கொக்கி

மேலே சொன்ன விதிக்கு ஆயுள் காப்பீட்டில் ஒரு திருத்தம் வந்தது. 2015இல் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவை மாற்றினார்கள். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால், அவருக்கே அந்தப் பணத்தில் அனுபவ உரிமை உண்டு என்று புது வாசகம் சொல்கிறது. படித்தால் நேரடியாகத்தான் தெரிகிறது: தம்பியையோ நண்பரையோ போட்டால் அவர் வெறும் கை, மனைவியைப் போட்டால் மனைவிக்கே சொந்தம்.

ஆனால் உயர் நீதிமன்றங்கள் இதை ஒரே மாதிரி படிக்கவில்லை. சில, மனைவிக்கே முழுதும் என்கின்றன. கர்நாடக உயர் நீதிமன்றம் 2025இல், மற்ற வாரிசுகள் பங்கு கேட்டு வந்தால் வாரிசுச் சட்டமே மேலே நிற்கும் என்றது. அதனால் மற்ற வாரிசுகள் சண்டைக்கு வரக்கூடிய வீடு என்றால், பாலிசியில் நாமினி பெயர் இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார வேண்டாம்.

கல்யாணமான ஆண்களுக்கு இதைவிட உறுதியான ஒரு வழி இருக்கிறது, வயதோ நூற்றைம்பது. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். ஏஜென்ட்கள் இதைச் சுருக்கமாக எம்டபிள்யூபி என்பார்கள். பாலிசி எடுக்கும்போதே, இது மனைவிக்காக, பிள்ளைகளுக்காக என்று அந்தச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பாலிசி ஓர் அறக்கட்டளை போல ஆகிவிடுகிறது. அந்தப் பணம் கணவரின் சொத்தில் சேராது. அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் கை வைக்க முடியாது, மற்ற உறவினர்கள் பங்கு கேட்க முடியாது. தொழில் செய்பவர்கள், கடன் வாங்கிப் புரட்டுபவர்கள் டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் வரும் பாலிசி, எடுத்தால் இதைக் கேட்டு எடுக்க வேண்டும். பாலிசி எடுத்த பிறகு சேர்க்க முடியாது. பின்னால் பெயரை மாற்றவும் முடியாது, அதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

பிஎஃப், அதாவது சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதியின் விதி இன்னும் கறாரானது. குடும்பம் உள்ளவர் குடும்பத்தாரைத்தான் நாமினியாகப் போட முடியும். குடும்பம் இல்லாதபோது வேறு யாரையாவது போட்டிருந்தால், பிற்பாடு குடும்பம் உண்டானவுடன் அந்த நாமினேஷன் தானாகவே செல்லாமல் போகிறது. கல்யாணமான கையோடு பிஎஃப் தளத்தில் போய் இ-நாமினேஷனைப் புதிதாகப் பதிய வேண்டும். கல்யாண வேலையில் இது யாருக்கு ஞாபகம் இருக்கும்? முதல் கல்யாண நாளிலாவது செய்யலாம்.

ஜாயின்ட் அக்கவுன்ட் இருந்தால்?

கணவன், மனைவி இருவர் பெயரிலும் “இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்” என்ற முறையில் கணக்கு இருந்தால், ஒருவர் இறந்ததும் மற்றவர் பணத்தை எடுக்கலாம். அங்கே நாமினிகூடக் குறுக்கே வரமாட்டார். எல்லாக் கணக்குதாரர்களும் போன பிறகுதான் நாமினியின் முறை. ஆனால் இங்கேயும் அதே கதைதான்: உயிரோடிருப்பவர் பணத்தை எடுக்கலாம் என்பதாலேயே அதில் இறந்தவரின் பங்கு அவருக்குச் சொந்தமாகிவிடாது. வயதான அப்பா பேங்குக்கு அலைய முடியாமல் மூத்த மகனை ஜாயின்ட்டாகச் சேர்த்துக்கொள்ளும் வீடுகளில் இது பெரிய சண்டையாக வெடிக்கும். போட்ட பணம் முழுவதும் அப்பாவின் பென்ஷன் என்றால், அது எல்லாப் பிள்ளைகளுக்கும், அம்மா இருந்தால் அம்மாவுக்கும் பொதுவானது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சாவு வீட்டிலிருந்தே யாராவது ஏடிஎம் கார்டை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். “அக்கவுன்ட் பிளாக் ஆவதற்குள் எடுத்துடலாம்.” செலவு நெருக்கடி புரிகிறது. ஆனால் இறந்தவரின் கார்டைப் பயன்படுத்த நாமினிக்குக்கூட உரிமை இல்லை. பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருப்பவருக்கும் இல்லை, எழுதிக் கொடுத்தவர் இறந்த நொடியே பவர் செத்துவிடுகிறது. பின்னால் பங்காளி ஒருவர் ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இறந்த நேரத்தையும் பணம் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால், விளக்கம் சொல்வது கஷ்டம்.

நாமினி இருந்தால் என்ன காகிதம், இல்லாவிட்டால் என்ன காகிதம்

நாமினி இருந்தால் வேலை சுலபம். கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள ஆவணம். இவ்வளவுதான். சில கிளைகளில் பழக்க தோஷத்தில் “வாரிசுச் சான்றும் கொண்டு வாங்க” என்பார்கள். முறையாகப் பதிவான நாமினியிடம் வங்கி அதைக் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எழுத்தில் கேளுங்கள் என்று சொன்னாலே பல நேரம் பேச்சு மாறும். எஃப்டி முதிர்வதற்கு முன்னால் எடுத்தாலும், டெபாசிட்தாரர் இறந்த காரணத்துக்காக எடுக்கும்போது அபராதம் பிடிக்கக்கூடாது.

நாமினி இல்லாவிட்டால் அலைச்சல் ஆரம்பிக்கும். இங்கே இரண்டு சான்றிதழ்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் கொடுப்பது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓவும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்துப் போன பிறகு வரும். இறந்தவருக்கு இன்னார் இன்னார் வாரிசு என்று பட்டியல் போடும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. வாரிசுரிமைச் சான்றிதழ் என்பது நீதிமன்றம் கொடுப்பது. வக்கீல் வைத்து மனுப் போட்டு, அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபனை இல்லை என்று பார்த்து, கோர்ட் ஃபீஸ் கட்டி வாங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். டெபாசிட், பங்கு, பத்திரம் மாதிரியானவற்றுக்குத்தான் அது, வீடு நிலத்துக்கு இல்லை.

சின்னத் தொகைக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போகச் சொல்வது கொடுமை என்பதால், ஒரு வரம்பு வரைக்கும் எளிய வழி உண்டு. முன்பு அந்த வரம்பை ஒவ்வொரு வங்கியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவுகள் அதை ஒழுங்குபடுத்தின. வணிக வங்கிகளில் குறைந்தது 15 லட்சம், கூட்டுறவு வங்கிகளில் குறைந்தது 5 லட்சம் வரை, நாமினி இல்லாவிட்டாலும் நீதிமன்ற ஆவணம் கேட்காமல் கொடுக்க வேண்டும். இண்டெம்னிட்டி பாண்டு என்ற உறுதிப் பத்திரமும், பங்கு வேண்டாம் என்கிற மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையில்லாக் கடிதமும்தான் இங்கே முக்கியமான காகிதங்கள். எல்லாக் காகிதமும் வந்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் வட்டியோடு கொடுக்க வேண்டும், லாக்கர் விஷயத்தில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். 2026 மார்ச் 31க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அப்புறமும் பழைய பல்லவி பாடும் கிளை இருந்தால், முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர். அவரிடம் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

ஆட்சேபனையில்லாக் கடிதத்தில் ஒரு எச்சரிக்கை. “அண்ணன் பேர்ல வாங்கிக்கட்டும், அப்புறம் பிரிச்சுக்கலாம்” என்று தங்கைகள் கையெழுத்துப் போடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். “பணத்தை இவரிடம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை” என்பது ஒன்று. “எனது பங்கை இவருக்கு விட்டுக்கொடுக்கிறேன்” என்பது வேறொன்று. முதலாவதில் பங்கு மிச்சமிருக்கிறது. இரண்டாவது விடுதலைப் பத்திரம் மாதிரி, பிறகு திரும்பிக் கேட்பது கடினம்.

நாலு பேர், பத்துப் பேர்

முன்பு வங்கிக் கணக்குக்கு ஒரே ஒரு நாமினிதான். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை போடலாம். இரண்டு விதம் இருக்கிறது. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் என்று சதவீதம் பிரித்துப் போடலாம், கூட்டினால் நூறு வர வேண்டும். அல்லது வரிசையாகப் போடலாம்: முதலாமவர் இல்லாவிட்டால்தான் இரண்டாமவர். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான். நகையைச் சதவீதத்தில் பிரிக்க முடியாது அல்லவா! மியூச்சுவல் ஃபண்டுக்கும், பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்குக்கும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025இல் பத்து நாமினி வரை அனுமதித்தது.

இதில் ஒரு நல்ல வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. உங்கள் வாரிசுகள் யார், அவர்களுக்குச் சட்டப்படி எவ்வளவு என்று பார்த்து, அதே விகிதத்தில் நாமினி சதவீதத்தையும் போட்டுவிட்டால், வாங்குபவரும் சொந்தக்காரரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். மேலே சொன்ன பன்னிரண்டு லட்சக் கணக்கில் அம்மா, மனைவி, மகள் மூவரும் நாமினியாக இருந்திருந்தால் ஆளுக்கு 4 லட்சம் நேராகப் போயிருக்கும். மகள் மைனர் என்றால் அவளுக்காகப் பணத்தை வாங்குபவர் யார் என்பதையும் படிவத்தில் குறிப்பிட வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கணக்கில் நாமினி யார் என்று எப்படிப் பார்ப்பது? பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் திறங்கள். பல பாஸ்புக்குகளில் “நாமினேஷன் பதிவு செய்யப்பட்டது” என்ற வரி மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அந்த ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு, மனைவி பெயர்தான் இருக்கும் என்று பத்து வருஷம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கிளையில் கேட்டால் சொல்வார்கள், மொபைல் ஆப்பிலும் பெரும்பாலும் தெரியும். எஃப்டிக்குத் தனி நாமினி, சேமிப்புக் கணக்குக்குத் தனி நாமினி என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறாது.

யாரும் கேட்காமல் கிடக்கும் பணம்

அப்பா எந்தெந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தார் என்றே தெரியாத வீடுகள் உண்டு. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டை வங்கி ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றிவிடும். மாற்றினாலும் பணம் போய்விடவில்லை, வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் அதே வங்கி வழியாகக் கேட்டு வாங்கலாம். தேடுவதற்கு உத்கம் என்று ஒரு தளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் திறந்தது. பெயரும் பான் எண்ணோ பிறந்த தேதியோ கொடுத்தால், எந்த வங்கியில் கிடக்கிறது என்று காட்டும். பங்குகளில் தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்கப்படாமல் கிடந்தால், டிவிடெண்டும் பங்குகளும் சேர்ந்தே முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு, அதாவது ஐஇபிஎஃப்புக்குப் போய்விடும். அங்கிருந்தும் திரும்ப வாங்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். இதற்குக் கமிஷன் கேட்டுப் போன் செய்கிறவர்களிடம் ஓடிபி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கடன் வந்தால்?

சொத்து மட்டுமா வரும், கடனும் வரும். வாரிசுகளை ரொம்பவும் மிரட்டுகிற கேள்வி இது. அப்பா வாங்கிய பர்சனல் லோனை மகன் கட்ட வேண்டுமா? அப்பா விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. 3 லட்சம் விட்டுச் சென்று 10 லட்சம் கடன் வைத்திருந்தால், அந்த 3 லட்சத்தோடு சரி. சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அப்பாவின் கடனை அடைப்பது மகனின் தர்மம் என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. நாமினி என்ற ஒரே காரணத்துக்காகவும் யாரும் கடன்காரர் ஆவதில்லை. ஆனால் கடன் பத்திரத்தில் நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாலோ ஜாமீன் நின்றிருந்தாலோ கதையே வேறு, அப்போது அது உங்கள் கடன். வசூலுக்கு வருகிறவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லமாட்டார். பத்திர நகலைக் கேளுங்கள்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. வாரிசாகக் கிடைத்த பணத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது, எஸ்டேட் டியூட்டி 1985இலேயே போய்விட்டது. அதிலிருந்து பிறகு வரும் வட்டிக்கும், பங்கை விற்றால் வரும் லாபத்துக்கும் வாங்கியவர் வரி கட்ட வேண்டும். லாபக் கணக்குக்கு இறந்தவர் வாங்கிய விலையே உங்கள் விலை. இறந்தவரின் கடைசி வருஷ ரிட்டர்னையும் வாரிசு ஒருவர்தான் தாக்கல் செய்ய வேண்டும்.

உயில் எழுதாத ஒரு பெண்ணின் பணம்

இதுவரை ஆண் இறந்தால் என்ன என்று பார்த்தோம். பெண் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கணக்கு மாறுகிறது. 15ஆம் பிரிவின்படி முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள். அதற்கும் பிறகுதான் பெற்ற தாய் தந்தை.

2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு 1955இல் கல்யாணம். மூன்று மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் அவரை வெளியேற்றினார்கள். பிறந்த வீட்டுக்கு வந்தார், பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார். 1996இல் இறந்தபோது வங்கிக் கணக்குகளில் பணம் இருந்தது, பிஎஃப்பில் பெரிய தொகை இருந்தது. எல்லாம் அவர் உழைத்துச் சேர்த்தது. பிள்ளைகள் இல்லை, உயில் இல்லை. அவருடைய தாய் பணத்தைக் கேட்டார். கணவரின் சகோதரி பிள்ளைகளும் கேட்டார்கள். சட்டம் எழுதப்பட்டிருக்கும்படி கணவரின் உறவினர்களுக்கே என்று தீர்ப்பு வந்தது. அனுதாபத்தைக் கொண்டு சட்டத்தை மாற்ற முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. 2025 நவம்பரில் இதே பிரிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதி வைக்கும்படி வேண்டுகோளே விடுத்தது.

அந்தப் பெண் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஒரு பக்க உயில் மாற்றியிருக்கும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் கையாலேயே எழுதலாம், தமிழில் எழுதலாம். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் பின்னால் “இது அவர் கையெழுத்தே இல்லை” என்று சொல்வது சிரமமாகும். எந்தக் கணக்கு, எவ்வளவு, யாருக்கு என்று தெளிவாக எழுதி, தேதி போட்டு, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகளும் உங்கள் முன்னால் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிக்க வேண்டியதில்லை, நீங்கள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தால் போதும். உயிலில் பங்கு பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. முஸ்லிம் என்றால், மற்ற வாரிசுகள் சம்மதிக்காதவரை, சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. சாட்சிகளாக உங்களைவிட வயதில் இளைய, உள்ளூரிலேயே இருக்கக்கூடிய இரண்டு பேரைப் பிடியுங்கள். உயில் திறக்கும் நாளில், கோர்ட் கூப்பிட்டால் அவர்களில் ஒருவராவது வந்து நிற்க வேண்டும்.